குலச்சின்னத்திலிருந்து முகத்திற்கு: எடோ காலக் கபுகி நடிகர் அச்சோவியங்களில் ஆளடையாளம்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) கபுகி நடிகர்களைச் சித்திரித்து வெளியான மரக்கட்டை அச்சோவியங்கள் 'யகுஷா-எ' எனப்படும். தொடக்கத்தில் இவ்வோவியங்களில் நடிகர் இன்னார் என்பதைப் பெயரும் குலச்சின்னமுமே உணர்த்தின. 1760களுக்குப் பின் அப்பணியை முகம் ஏற்றுக்கொண்டது. 1842-இல் நடிகர் படங்களுக்கு அரசு தடை விதித்தபோது, பெயரின்றியே நடிகரை அறிந்துகொள்ளும் பயிற்சி வாசகரிடம் முன்னரே வேரூன்றியிருந்தது. அச்சோவியக் கலை அத்தடையைக் கடந்து நிலைத்தமைக்கு இப்பயிற்சி முதன்மையான காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்

கபுகி, யகுஷா-எ, முக ஒப்புமை, குலச்சின்னம், ஷராகு, தோயோகுனி, குனிசாதா, 1842 தடை.

முன்னுரை

நடிகர் ஒருவரை ஓவியத்தில் தீட்டும்போது இரண்டு ஆட்களை ஒருங்கே காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் கதைமாந்தர்; மற்றவர் அவ்வேடத்தைப் புனைந்தவர். கதைமாந்தரை உடையும் ஒப்பனையும் கைப்பொருளும் காட்டிவிடும். வேடத்தின் உள்ளே இருப்பவரை எதனால் காட்டுவது என்பதே சிக்கல். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தொடர்ந்து இயங்கிய ஜப்பானிய நடிகர் அச்சோவியக் கலை இவ்வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைக் கண்டது. அவ்விடைகளின் வரலாறு ஓவிய உத்தியின் வரலாறாக மட்டும் அமையவில்லை. சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலினரின் முகம், பொதுமக்கள் விரும்பி வாங்கும் பொருளாகவும் அரசு அஞ்சும் பொருளாகவும் மாறிய வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

1. கபுகியும் நடிகரின் நிலையும்

கபுகியின் தோற்றம் 1603-ஐ ஒட்டிக் கியோத்தோ நகரில் ஒகுனி என்னும் பெண் நிகழ்த்திய ஆடல்களோடு தொடர்புபடுத்தப்படுகிறது. 1629-இல் பெண்கள் மேடையேறுவது தடைசெய்யப்பட்டது. அவர்களுக்குப் பின் மேடையேறிய இளைஞர் குழுக்கள் 1652-இல் தடைசெய்யப்பட்டன. முன்நெற்றி மயிரை மழித்த வளர்ந்த ஆடவர் மட்டுமே நடிக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. பெண்வேடம் புனைந்த ஆடவர் மழித்த நெற்றியை ஊதாநிறத் துணியால் மறைத்துக்கொண்டனர். அரசு ஆணையின் விளைவாகப் பிறந்த அத்துணி, பிற்கால ஓவியங்களில் பெண்வேட நடிகருக்குரிய அழகின் அடையாளமாகவே மாறிவிட்டது.

தொக்குகவா ஆட்சி வகுத்த போர்வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்னும் நால்வகைப் படிநிலையில் நடிகருக்கு இடமில்லை. 'ஆற்றுப்படுகை மாந்தர்' என்னும் இழிவுப்பெயர் அவர்களைத் தொடர்ந்து வந்தது. ஆயினும் சிறந்த நடிகர்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரியோ பொன் பெறுவோர் எனப் புகழப்பட்டனர். அவர்களின் உடையும் தலைமுடி ஒப்பனையும் நகர மக்களிடையே புதுமோடியாகப் பரவின. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலிருந்த முரண்பாடே அரசின் கெடுபிடிக்கும் அச்சோவியத்தின் விற்பனைக்கும் பொதுவான அடித்தளமாகும்.

நடிகர்கள் ஓர் அரங்கோடு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு பணியாற்றினர். நாடக ஆண்டு பதினோராம் மாதத்தில் தொடங்கும். அவ்வாண்டுக்குரிய நடிகர் குழுவை மக்களுக்கு அறிமுகப்படுத்தும் தொடக்க நிகழ்ச்சிக்குக் 'கவோமிசெ' என்று பெயர். 'முகங்காட்டல்' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

2. அச்சோவிய உருவாக்கம்

நடிகர் அச்சோவியம் தனியொரு கலைஞரின் படைப்பன்று. பதிப்பாளர் முதலிட்டு, எந்த நடிகரை எந்த வேடத்தில் தீட்டுவது என்பதை முடிவு செய்வார். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுருவம் வரைவார். செதுக்குநர் அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் தலைகீழாக ஒட்டி, கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்குமாறு ஏனைய பகுதிகளை அகற்றுவார். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிப் பலகை வேண்டும். பலகையின் ஓரத்தில் வெட்டப்படும் பொருத்தக்குறிகளில் தாளை இருத்தி, மூங்கில் உறையிட்ட தட்டையான தேய்ப்பானால் அச்சிடுநர் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார்.

நாடகம் மேடையில் இருக்கும்போதே படம் கடைக்கு வந்தாக வேண்டும். ஆகவே நடிகர் அச்சோவியம் விரைவை வேண்டிய வணிகப் பொருளாக இருந்தது. அரங்குகள் வெளியிட்ட நிகழ்ச்சித் தாள்களோடும், நடிகர்களைத் தரவரிசைப்படுத்திய ஆண்டுத் திறனாய்வு நூல்களோடும் ஒப்பிட்டு, ஒரு படம் எந்த மாதத்தில் நிகழ்ந்த எந்த நாடகத்தைச் சார்ந்தது என்று இன்றும் உறுதிப்படுத்த முடிவது இதனாலேயே ஆகும்.

3. குலச்சின்னம் காட்டிய ஆள்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எடோவின் நாடக ஓவியம் தோரி குடும்பத்தாரின் கைக்கு வந்தது. அக்குடும்பத்தினர் அரங்கு வாயில்களில் வைக்கப்படும் விளம்பரப் பலகைகளைத் தீட்டியவர்கள். முதலாம் தோரி கியோனோபு (1664–1729) வகுத்த பாணியில் கால்கள் சுரைக்காய் வடிவில் புடைத்தும், கோடுகள் மண்புழு நெளிவதுபோல் தடித்தும் மெலிந்தும் அமைந்தன. முதலாம் இச்சிகவா டான்ஜூரோ (1660–1704) எடோ மேடையில் நிலைநாட்டிய 'அரகோதோ' என்னும் முரட்டு வீர நடிப்பின் விசைக்கு இக்கோடுகள் பொருத்தமாக இருந்தன.

இப்படங்களில் உடலுக்குத் தனித்தன்மை உண்டு, முகத்திற்கு இல்லை. ஒரு நடிகரின் முகத்தை எடுத்து வேறொருவரின் உடலில் பொருத்தினாலும் வேறுபாடு தெரியாது. நடிகரை அறிவித்தவை அருகில் எழுதப்பட்ட பெயரும், உடையின் தோளிலோ கையிலோ பொறிக்கப்பட்ட குலச்சின்னமும் ஆகும். டான்ஜூரோ மரபின் சின்னம், அரிசி அளக்கும் சதுரப் படிகள் மூன்று ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய வடிவம். அதைக் கண்டவுடன் எடோ வாசகர் ஆளைச் சொல்லிவிடுவார்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கபுகியில் மேடைப்பெயர் வழிவழியாகக் கைமாறுவது. குலச்சின்னமும் அவ்வாறே. எனவே அவை மரபைச் சுட்டுமேயன்றித் தனிமனிதரைச் சுட்டா. 1770-ஆம் ஆண்டு பதினோராம் மாதத்தில் நிகழ்ந்த பெயர்மாற்றம் இதற்குத் தக்க சான்றாகும். நான்காம் டான்ஜூரோ அப்பெயரைத் தம் மகனுக்கு அளித்தார். அதுவரை மகன் தாங்கியிருந்ததும் தாம் முன்னர்த் தாங்கியிருந்ததுமான மட்சுமோதோ கோஷிரோ என்னும் பெயருக்குத் தாம் திரும்பினார். முந்திய மாதம் வரை டான்ஜூரோ என்ற பெயர் தந்தையைக் குறித்தது. அம்மாதம் முதல் மகனைக் குறித்தது. கோஷிரோ என்ற பெயரோ மகனிடமிருந்து தந்தைக்கு மாறியது. பெயர்கள் இடம் மாறியபோது மாறாதிருந்தவை இருவரின் முகங்களே.

4. முக ஒப்புமையின் தோற்றம்

1765-இல் சுசுகி ஹருனோபுவின் படைப்புகளோடு பல பலகைகள் கொண்ட முழு வண்ண அச்சு நிலைபெற்றது. அதற்குமுன் கருமை அச்சின்மேல் கையால் நிறந்தீட்டும் முறையும், இளஞ்சிவப்பும் பச்சையும் மட்டும் அச்சிடும் முறையும் வழக்கில் இருந்தன. புதிய நுட்பம் தந்த வாய்ப்பை நடிகர் படத்திற்குப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் கட்சுகவா சுன்ஷோ (1726–1792). சுன்ஷோவும் இப்பிட்சுசாய் புஞ்சோவும் இணைந்து 1770-இல் 'எஹோன் புதாய் ஓகி' என்னும் நூலை வெளியிட்டனர். 'மேடை விசிறிகளின் படநூல்' என்பது அதன் பொருள். விசிறி வடிவச் சட்டகத்துள் நடிகர்களின் மேலுடல் மட்டும் காட்டப்பட்டதால் வாசகரின் பார்வை முகத்தில் குவிந்தது.

இம்முயற்சிகளால் 'நிகாவோ-எ', அதாவது முக ஒப்புமைப் படம், என்னும் வகை உருப்பெற்றது. மூக்கின் வளைவு, தாடையின் அகலம், கண்களின் இடைவெளி ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுத்தப்பட்டன. ஒரே நடிகர் வீரராகவும் துறவியாகவும் கள்வராகவும் வெவ்வேறு படங்களில் தோன்றினாலும் முகக்கூறுகள் மாறாமல் பேணப்பட்டன. குறுகி நீண்ட 'ஹோசோபன்' தாள்களில் முழு உருவமாகத் தொடங்கிய இவ்வகை, சுன்ஷோவின் மாணவர்களான சுன்கோ, சுன்எய் ஆகியோரின் கையில் தலையும் தோளும் மட்டும் தாளை நிறைக்கும் பெருமுகப் படமாக வளர்ந்தது. ஹொகுசாயும் தம் இளமையில் சுன்ரோ என்னும் பெயரில் இப்பள்ளியிலேயே பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

5. ஷராகுவும் தோயோகுனியும்

1794-ஆம் ஆண்டு ஐந்தாம் மாதத்தில் தோஷூசாய் ஷராகு என்னும் பெயர் திடீரெனத் தோன்றியது. பதிப்பாளர் சுதாயா ஜூசாபுரோ அவருடைய 28 பெருமுகப் படங்களை அப்பிரகப் பொடி தூவிய கருமின்னும் பின்னணியில் வெளியிட்டார். ஏறத்தாழ பத்து மாதங்களில் 140 அளவிலான படங்களை வெளியிட்டபின் ஷராகுவின் பெயர் மறைந்துவிட்டது. அவர் அவா நாட்டுத் தலைவரிடம் பணிபுரிந்த நோ நாடக நடிகர் சைத்தோ ஜூரோபெய் என்னும் குறிப்பு 1844-இல் சைத்தோ கெஷ்ஷின் விரிவாக்கிய ஓவியர் வரலாற்றுத் தொகுப்பில் காணப்படுகிறது.

கவராசாகி அரங்கில் எடோபெய் என்னும் கொள்ளையனாக நடித்த மூன்றாம் ஓத்தானி ஓனிஜியின் படம் ஷராகுவின் முறையை விளக்கப் போதுமானது. முன்னோக்கி நீளும் கழுத்து, உடையின் பிளவிலிருந்து விரல்கள் விரியப் புறப்படும் கைகள், மூக்கை நோக்கி ஒருங்கும் கண்கள் ஆகியவை ஒரு நொடியில் இறுகிய மேடைநிலையைக் காட்டுகின்றன. அதே ஆண்டு மியாகோ அரங்கில் யாதோரிகி என்னும் மனைவியாக நடித்த இரண்டாம் செகவா தோமிசாபுரோவின் படத்தில் பெண்ணுடைக்கும் கூந்தல் ஒப்பனைக்கும் நடுவே ஆடவரின் எலும்பமைப்பு மறைக்கப்படாமல் தெரிகிறது. வேடமும் வேடத்தாரும் ஒரே முகத்தில் மோதும் நிலை இது. ஷராகு உண்மையை மிகையாகத் தீட்டியதால் நெடுநாள் நிலைக்கவில்லை என்னும் கருத்தை அவர் காலத்தவரான ஓத்தா நன்போ பதிவு செய்துள்ளார். 1910-இல் யூலியுஸ் குர்த் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலே ஷராகுவின் உலகப் புகழுக்குப் பெரிதும் வழிவகுத்தது.

உதகவா தோயோகுனி (1769–1825) அதே 1794-இல் 'மேடையில் நடிகர் தோற்றங்கள்' என்னும் பொருள்படும் முழுவுருவத் தொடரைத் தொடங்கினார். தோயோகுனியின் முகங்களும் ஒப்புமை உடையவையே. ஆனால் நடிகரின் குறையை வெளிச்சமிடாமல், நிறையை உயர்த்திக் காட்டுபவை. வாங்குவோர் விரும்பியது இதனையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடிகர் அச்சோவியம் முழுவதும் உதகவா பள்ளியின் வழியிலேயே சென்றது.

6. முகம் குறியீடாதல்

1817-இல் தோயோகுனி நடிகர் முகங்களை விரைவாக வரையக் கற்பிக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டார். முக ஒப்புமை ஓவியரின் தொழில் மறைபொருள் என்னும் நிலை மாறி, பொதுமக்களும் பயிலத்தக்க குறியீட்டுத் தொகுதியாகிவிட்டது என்பதற்கு இந்நூலே சான்றாகும். ஒவ்வொரு நடிகருக்கும் ஓரிரு கூறுகள் உரியவையாயின. ஐந்தாம் மட்சுமோதோ கோஷிரோவுக்கு (1764–1838) உயர்ந்த மூக்கும் சிறிய கண்களும். பெண்வேடத்தில் சிறந்த ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோவுக்கு ஆயிரம் ரியோ பெறும் எனப் புகழப்பட்ட பெரிய கண்கள். இக்கூறுகள் அமைந்துவிட்டால் வயதும் ஒப்பனையும் மாறினாலும் ஆள் மாறுவதில்லை.

இவ்வகை ஒப்புமையை நிழற்படத்தின் ஒப்புமையோடு சமப்படுத்துதல் பொருந்தாது. கண்டதைக் கண்டவாறு பதிவதைவிட, எழுத்தைப்போல் கற்றுப் படிக்கத்தக்கதாக அமைவதே இதன் இயல்பு. முகத்தைப் 'படிக்கும்' இத்திறன் இரண்டு தலைமுறைகளுக்குமேல் எடோ மக்களிடம் ஊறியிருந்தது. அத்திறனின் முழுப் பயன் 1842-இல் வெளிப்பட்டது.

7. 1842-ஆம் ஆண்டுத் தடை

பஞ்சத்தாலும் நிதி நெருக்கடியாலும் தளர்ந்திருந்த ஆட்சியைச் சீர்செய்ய முதன்மை அமைச்சர் மிசுனோ தடாகுனி 1841-இல் தொடங்கிய சீர்திருத்தங்கள் ஆடம்பரத்தையும் கேளிக்கையையும் குறிவைத்தன. எடோவின் நடுப்பகுதியில் இருந்த அரங்குகள் 1841-இன் தீவிபத்துக்குப்பின் அங்கு மீண்டும் எழ இசைவளிக்கப்படவில்லை. நகரின் ஓரமான அசகுசாவில் சருவகா-ச்சோ என்னும் பகுதிக்கு அவை அகற்றப்பட்டன. ஏழாம் டான்ஜூரோவாகப் புகழ்பெற்று, அப்பெயரை மகனுக்கு அளித்தபின் எபிசோ என வழங்கிய பெருநடிகர் ஆடம்பரக் குற்றத்திற்காக 1842-இல் எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். நடிகர்கள் வெளியே செல்லும்போது முகத்தை மறைக்கும் புல்தொப்பி அணிய வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது.

அதே ஆண்டு ஆறாம் மாதத்தில் நடிகர், கணிகையர், கெய்ஷாப் பெண்டிர் ஆகியோரின் படங்களை அச்சிடுவது தடைசெய்யப்பட்டது. நிறப் பலகைகளின் எண்ணிக்கைக்கும் தாளின் விலைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. தெருவில் தொப்பியாலும் தாளில் தடையாலும் நடிகரின் முகத்தையே பொதுப்பார்வையிலிருந்து நீக்க அரசு முயன்றது என இவ்வாணைகளை இணைத்து நோக்கும்போது பெறப்படுகிறது.

8. பெயரற்ற படங்கள்

மிசுனோ 1843-இல் பதவி இழந்தார். கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. ஆனால் தடை முறையாக விலக்கப்படவில்லை. இவ்விடைநிலையில் பதிப்பாளர்கள் கண்ட வழி, நடிகரின் பெயரை விடுத்துக் கதைமாந்தரின் பெயரை மட்டும் பொறிப்பது. படம் வரலாற்று வீரர் ஒருவரைக் காட்டுவதாகத் தணிக்கையாளரிடம் கூறலாம். வாசகருக்கோ முகமே போதும்.

ஒசாகாவில் 1842 முதல் 1847 வரை நடிகர் படங்களின் வெளியீடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. அது மீண்டபோது ஹிரோசாதா போன்றோரின் சிறிய அளவுப் படங்கள், தலைவனுக்கு உண்மையாதல், பெற்றோரைப் பேணல், வீரம் ஆகியவற்றின் கதைகள் என்னும் அறத் தலைப்புகளைத் தாங்கி வந்தன. அறத்தின் பெயரால் விதிக்கப்பட்ட தடையை அறத்தின் பெயராலேயே கடந்த திறம் இது.

எடோவில் உதகவா குனியோஷி (1798–1861) வேறு வழியில் சென்றார். பூனைகளுக்கும் மீன்களுக்கும் ஆமைகளுக்கும் நடிகர் முகங்களை அமைத்து அவர் வரைந்தார். பூனைப் படங்கள் தடைக்கு முன்னரே நகைச்சுவைக்காகத் தோன்றியவை. தடைக்குப்பின் அவ்விளையாட்டே தற்காப்பாகவும் பயன்பட்டது. 1848-ஐ ஒட்டி வெளியான 'பண்டகசாலைச் சுவர்க் கிறுக்கல்கள்' என்னும் பொருள்படும் தொடரில், ஆணியால் சுவரில் கீறியவைபோன்ற கோணல் கோடுகளால் நடிகர் முகங்களை அமைத்தார். உடை, நிறம், அரங்கு, பெயர் அனைத்தும் நீங்கிய நிலையிலும் ஆட்கள் அடையாளம் காணப்பட்டனர். முகக்குறியீடு எவ்வளவு குறைந்த கோடுகளில் உயிர்வாழக்கூடியது என்பதற்கு இத்தொடரே தக்க சான்றாகும்.

தோயோகுனியின் மாணவரும் 1844 முதல் அவருடைய பெயரை ஏற்றவருமான குனிசாதா (1786–1865) 1852-இல் தொக்கைதோ நெடுஞ்சாலையின் தங்கிடங்களைத் தலைப்பாகக் கொண்ட தொடரை வெளியிட்டார். தலைப்பு பயணத்தைச் சுட்டுகிறது. பின்புலத்தில் நிலக்காட்சி விரிகிறது. முன்புறத்தை நிறைப்பவர்களோ அந்தந்த இடத்தோடு தொடர்புடைய நாடக மாந்தராக நடித்தோர், நடித்திருக்கத்தக்கோர். 1860களின் தொடக்கத்தில் குனிசாதா முதுமையில் வரைந்த பெருமுகத் தொடரில், 1838-இல் மறைந்த ஐந்தாம் கோஷிரோவும் இடம்பெற்றார். இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மூக்கு மக்கள் நினைவில் இருந்தமையை இது காட்டுகிறது.

பெயரற்ற இப்படங்களை இன்று ஆய்வோர் நான்கு சான்றுகளை ஒருங்கே நோக்குகின்றனர்: பொறிக்கப்பட்ட கதைமாந்தர் பெயர், தணிக்கை முத்திரை, அரங்க நிகழ்ச்சித் தாள், முகம். இரண்டு தணிக்கையாளர் முத்திரைகள் மட்டும் இருப்பின் படம் 1847-க்கும் 1852-க்கும் இடைப்பட்டது. 1852 முதல் ஆண்டும் மாதமும் காட்டும் நாள் முத்திரை சேர்கிறது. அம்மாதத்தில் அவ்வேடத்தை ஏற்றவர் யார் என்பதை நிகழ்ச்சித் தாள் கூறும். முகம் அதனை உறுதிப்படுத்தும். நடிக்கப்படாத கற்பனை இணைகளைக் காட்டும் படங்களில் நிகழ்ச்சித் தாள் உதவாது. அங்கு முகமே தலைமைச் சான்றாகிறது.

9. இறப்புப் படங்கள்

பெயர் மறைக்கப்பட்ட காலத்திலும் ஒரு வகைப் படத்தில் நடிகரின் பெயர் வெளிப்படையாக எழுதப்பட்டது. நடிகர் இறந்தவுடன் வெளியான நினைவுப் படமாகிய 'ஷினி-எ' அதுவாகும். இறந்த நாள், பௌத்த முறைப்படி வழங்கிய மறைவுப் பெயர், அடக்கம் செய்யப்பட்ட கோயில் ஆகியவை அதில் குறிக்கப்பட்டன. பெரும்பாலும் வெளிர்நீலச் சடங்குடையில் நடிகர் காட்டப்பட்டார். விரைந்து வெளியிடப்பட்ட இத்தாள்களுள் பலவற்றில் ஓவியர் கையொப்பமும் தணிக்கை முத்திரையும் இல்லை.

பெண்களின் பேரன்பைப் பெற்றிருந்த எட்டாம் டான்ஜூரோ 1854-இல் ஒசாகாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயதை ஒட்டிய பருவம். அவர் மறைவையொட்டி நூற்றுக்கும் மேற்பட்ட வெவ்வேறு நினைவுப் படங்கள் வெளியாயின. உயிரோடிருந்த காலத்தில் கதைமாந்தரின் பெயருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டிருந்த நடிகர், இறந்தபின் தம் பெயரோடு தாளில் தோன்றினார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

நடிகர் அச்சோவியத்தில் குலச்சின்னம் மரபைச் சுட்டியது; முகம் தனிமனிதரைச் சுட்டியது. பெயர் கைமாறும் கபுகி மரபில் இவ்வேறுபாடு இன்றியமையாததாயிற்று.

சுன்ஷோ தொடங்கிய முக ஒப்புமை, ஷராகுவிடம் கூர்ந்த நோக்காகவும், தோயோகுனியிடம் யாவரும் கற்கத்தக்க குறியீடாகவும் வளர்ந்தது. வணிகத்தில் நிலைத்தது குறியீடே.

1842-இன் தடை பெயரை நீக்கியது. முகத்தை நீக்க இயலவில்லை. வாசகரின் கண்ணில் பதிந்திருந்த அறிவை ஆணையால் பறிமுதல் செய்ய முடியாது என்பதைப் பெயரற்ற படங்கள் மெய்ப்பித்தன.

1860களில் நடிகர் பெயர்கள் மீண்டும் வழக்கத்திற்கு வந்தன. தோயோஹாரா குனிசிகா (1835–1900) இம்மரபை மெய்ஜி காலத்திற்குள் கொண்டுசென்றார். நிழற்படம் பரவியபின் அச்சோவியத்தின் செய்திப்பணி முடிவுற்றது. ஆயினும் நதோரி சுன்சென் (1886–1960) 1925 முதல் 1929 வரை வெளியிட்ட 36 நடிகர் படங்களின் தொகுப்புக்கு 'நிகாவோ-எ' என்னும் பழைய சொல்லையே தலைப்பில் வைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சுன்ஷோவின் காலத்தில் உருப்பெற்ற கருத்து, நிழற்படம் பெருகிய நாளிலும் தன் தனிப்பொருளை இழக்கவில்லை என்பதற்கு இத்தலைப்பே சான்றாகும்.